பல் கழுத்துல ஆப்பு வடிவப் பள்ளம் ஏன்?

தக்கலை_மாணவன்:
முன்கடைவாய்ப் பல்லில் கன்னப் பக்கம், ஈறு ஓரமா ஆப்பு வச்ச மாதிரி பள்ளம். சொத்தை இல்ல, புரோப் (பல்லைத் தடவிப் பாக்கிற கூர்முனைக் கருவி) வச்சா வழவழன்னு இருக்கு. பச்சத்தண்ணி பட்டா கூசுது. எனாமலும் (பல்லோட கடினமான வெளிப்பூச்சு) சிமெண்டமும் (வேரை மூடுற மெல்லிய படலம்) அங்க எப்படித்தான் சேருது அண்ணே?

குழித்துறை_பல்:
மூணு விதம் மக்கா. சுமார் 60 சதவீதம் சிமெண்டம் எனாமல் விளிம்பு மேல கொஞ்சம் ஏறி உக்காரும். 30 சதவீதம் முட்டி நிக்கும். மீதி 10-ல இடைவெளி, டென்டின் (இது ரெண்டுக்கும் அடியில இருக்கிற பல் திசு) வெறுமனே கிடக்கும். இது பாடப்புத்தகக் கணக்கு. ஒரே பல்லைச் சுத்தி வந்தாலே மூணையும் பாக்கலாம். கழுத்துல எனாமல் கத்தி முனையா மெலிஞ்சிரும். சிமெண்டம் 20 முதல் 50 மைக்ரான்தான். ஈறு இறங்கினா அது சீக்கிரம் தேஞ்சு டென்டின் குழாய்கள் திறந்துரும். உள்ள இருக்கிற திரவம் அசையும்போதுதான் கூசும்.

நாகர்கோவில்_டென்ட்:
உமிக்கரி போட்டுத் தேய்க்கிறாரான்னு முதல்ல கேளுங்க. உமியில சிலிக்கா; எனாமல் ஓரளவு தாங்கும், டென்டின் தாங்காது. வலது கைக்காரருக்கு இடப்பக்கம் பள்ளம் அதிகம்னா பிரஷ் மேல சந்தேகப்படலாம். எனாமல் பிஎச் (அமில அளவு, எண் குறையக் குறைய புளிப்பு கூடும்) 5.5 வாக்குல கரையும், வேர்ப்பகுதி 6.2-லேயே கரைய ஆரம்பிச்சிரும். அதனால புளிப்பு தின்ன கையோட தேய்க்கக் கூடாது. கடி விசைதான் காரணம்னு சொல்றது இன்னும் விவாதம்தான்.

குழித்துறை_பல்:
அடைக்கிறதா இருந்தா, ஈறு பக்க விளிம்புல எனாமல் இல்லைங்கிறதை மறந்துராதீங்க. கம்போசிட் (பல் நிற பிசின் அடைப்பு) முதல்ல விட்டுப்போறது அந்த ஓரத்துலதான். கிளாஸ் அயனோமர்னா (பல்லோட நேரடியா ஒட்டுற சிமெண்ட் வகை அடைப்பு) பல்லைச் சுத்தம் பண்ண 10 சதவீத பாலிஅக்ரிலிக் அமிலம் 10–20 நொடி, கழுவி, லேசா ஒத்தி எடுத்தா போதும். காத்தடிச்சு வறட்டிட்டா ஒட்டாது.