சொத்து வரியில் அளவு தப்பு, வகை தப்பு என்று மனு போட்டவர்கள் இருக்கிறீர்களா? என்ன நடந்தது?

மொட்டைமாடி:

2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்கச் சொத்து வரியை ஏற்றினார்களே, அந்தச் சமயம். எங்களுடையது நகராட்சி, வீடு 1,164 சதுர அடி, அப்பா 1994இல் கட்டியது. 600 சதுர அடிக்கு மேல் 1,200 வரைக்கும் 50 விழுக்காடு ஏற்றம், அதைத் தாண்டினால் 75 என்பது தெரிந்ததுதான். அரையாண்டுக்கு 812 கட்டிக்கொண்டிருந்தோம், 1,218 வரும் என்று எடுத்து வைத்திருந்தால் கேட்பு அறிவிப்பில் 1,421. வரி விதிப்பு எண்ணைப் போட்டுப் பார்த்தேன், பரப்பளவு 1,264 என்று இருக்கிறது. 1 இருக்க வேண்டிய இடத்தில் 2, அவ்வளவுதான் தப்பு.

மனு கொடுத்தேன். கம்ப்யூட்டரில் இருப்பதுதான் கணக்கு என்று அனுப்பிவிட்டார்கள். நாலாவது தடவை போன பிறகு அளக்க ஆள் வந்தார், தனியாளாக. டேப்பின் மறுமுனையைப் பிடிக்க வேறு யாரும் இல்லை. நான் பத்திரத்தையும் வரைபடத்தையும் கையில் வைத்துக்கொண்டு அவர் பக்கத்தில் நிற்க, அம்மா முழங்கால் வலியோடு சுவரைப் பிடித்துப் பிடித்துக் குனிந்து நாலு பக்கமும் டேப்பை வைத்தார். பின்பக்கம் துவைக்கிற கல் இருக்கிற மூலையில், "இங்க நின்னுதான்டா உங்கப்பா கயிறு பிடிச்சாரு" என்றார். எனக்குப் பேச்சே வரவில்லை. அளக்க வந்தவர் 1,164 என்று நோட்டில் எழுதிக்கொண்டு போனார், ஐந்து மாதம் கழித்துத் திருத்தி வந்தது. அனுமதி வரைபடத்தில் அவர்கள் அலுவலக முத்திரையோடு அதே 1,164 இருந்தது. அதைப் பார்த்தாலே போதுமே, அம்மாவை எதற்குக் குனிய விட்டேன் என்று இன்னும் உறுத்துகிறது.

செவ்வந்தி:

எனக்கு அளவில் தகராறு இல்லை, வகையில். வராந்தாவில் ஒரு தையல் மெஷின் இருக்கிறது, தெருக்காரர்களுக்கு ஜாக்கெட் தைத்துக் கொடுப்பேன், போர்டு கிடையாது. குடியிருப்பு என்று இருந்ததை வணிகம் என்று மாற்றிவிட்டார்கள். கடைக்கான வீதம், அதன்மேல் 100 விழுக்காடு ஏற்றம். மனு போட்டேன். பார்க்க வந்தவர் ஒன்றும் கேட்கவில்லை, கொக்கியில் தொங்கிய ஜாக்கெட்டுகளை விரல் நீட்டி ஒவ்வொன்றாக எண்ணினார். ஏழு. அதில் இரண்டு என் மகளுடையது, அதைச் சொல்ல வேண்டுமா கூடாதா என்று தெரியாமல் நின்றேன். கடைசியில் குடியிருப்பு என்றே மாற்றிக் கொடுத்தார்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் இன்றைக்கும் கேட் சத்தம் கேட்டால் துணிகளை உள்ளே எடுத்து வைத்துவிடுகிறேன்.

ஈசானமூலை:

மொட்டைமாடி, தப்பாக நினைக்காதீர்கள், 203 ரூபாய்க்கு ஐந்து மாத அலைச்சலா? ஆட்டோ கூலியே அதைத் தாண்டியிருக்கும். நானும் 2018 ஏற்றத்தின்போது ஒரு மனு போட்டேன், பதிலே இல்லை, 2019 நவம்பரில் அரசே அந்த ஏற்றத்தை நிறுத்திவைத்துவிட்டது. என் கதை இவ்வளவுதான்.

ஆனால் இனிமேல் போடப் போகிறவர்கள் சிலதைக் கவனியுங்கள். வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு சீல் வாங்குங்கள், சீல் வைக்க மாட்டேன் என்றால் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். மனு போட்டாயிற்றே என்று வரியை நிறுத்தாதீர்கள், மேல்முறையீட்டுக்குப் போகும்போது கட்டிய ரசீதைத்தான் முதலில் கேட்பார்கள், கூடுதலாகக் கட்டியது பின்னால் கழியும். பரப்பளவு எப்படி வந்தது என்று சொல்ல மறுத்தால் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை (ஸ்டாம்ப்) ஒட்டிக் கேளுங்கள், 30 நாளில் பதில் தர வேண்டும். "வரி அதிகம்" என்று மொட்டையாக எழுதினால் எடுபடாது, பரப்பளவா, வகையா, தெருவுக்கான வீதமா, எது தப்பு என்று ஒன்றைச் சொல்லுங்கள். முக்கியமாக, மனு போடுவதற்கு முன்னால் நீங்களே ஒரு தடவை டேப் பிடித்து அளந்துவிடுங்கள்.

கிணற்றடி:

அந்தக் கடைசி வரியை எனக்கு யாரும் சொல்லவில்லை. எங்களுக்கு வயசான வீடு, வரி அதிகம் என்று மனு போட்டேன். வந்தவர் கீழே அளந்துவிட்டு மாடிப்படி ஏறினார். மேலே அண்ணன் மகன் படிப்பதற்காக ஷீட் போட்டு ஒரு அறை எடுத்திருந்தோம், வரிக் கணக்கில் அது இல்லை. நான் படியிலேயே நின்றுவிட்டேன். கீழே அப்பா, "உள்ளதத்தான எழுதுறாரு, மோர் கொண்டா" என்றார். குறைக்கப் போட்ட மனுவில் வரி கூடியது. அன்றைக்கு அப்பாவிடம் நான் பேசவில்லை, மோரும் அண்ணிதான் கொண்டுபோய்க் கொடுத்தார். ஆனால் ஈசானமூலை, 203 ரூபாய் என்று நீங்கள் சொன்னது சரியில்லை. தப்பு அவர்கள் பக்கம் என்றால் 2 ரூபாய்க்கும் போகலாம்.

மொட்டைமாடி:

ஈசானமூலை, ஆட்டோ கூலி தாண்டியது உண்மைதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது ஒரு தடவை கட்டுகிற 203 இல்லை. அப்படியே விட்டிருந்தால் அடுத்த ஏற்றமும் அந்தத் தொகையின் மேல்தான் ஏறும், சென்னையில் 2024 அக்டோபரில் 6 விழுக்காடு ஏற்றினார்களே, அது மாதிரி. நாளைக்கு வீட்டைப் பெயர் மாற்றப் போனால் பத்திரத்தில் ஓர் அளவு, வரியில் ஓர் அளவு என்று நிறுத்தி வைப்பார்கள். செவ்வந்தி, வகை மாற்றிக் கொடுத்த உத்தரவை எழுத்தில் வாங்கினீர்களா? இல்லையென்றால் இந்த வாரமே போய் நகல் கேளுங்கள், உங்களுக்குத் துணை வேண்டுமென்றால் நான் வருகிறேன்.