குப்பைப் பையில் கிடந்த ஊசி குத்திவிட்டது: இப்போது என்ன செய்ய வேண்டும்?

கேள்வி (வார்டு செவிலியர்):
எங்கள் தனியார் மருத்துவமனையில் ஒப்பந்த முறையில் துப்புரவுப் பணி செய்யும் அக்கா ஒருவர், நேற்று இரவு 9 மணியளவில் சிவப்புப் பையைக் கட்டியபோது, அதற்குள் யாரோ போட்டிருந்த ஊசி கையுறையைத் துளைத்து விரலில் ஆழமாக இறங்கியிருக்கிறது. மேற்பார்வையாளர் ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு வேலையைத் தொடரச் சொன்னாராம். இன்று காலை நான் பணிக்கு வந்த பிறகுதான் தயங்கித் தயங்கி என்னிடம் சொன்னார். யாருக்குப் போட்ட ஊசி என்று தெரியவில்லை. ஹெபடைடிஸ் பி (கல்லீரலைத் தாக்கும் கிருமித் தொற்று) தடுப்பூசியை அவர் ஒரு தவணைகூடப் போட்டுக்கொண்டதில்லை. 12 மணி நேரம் கடந்த பிறகும் ஏதேனும் செய்ய முடியுமா?

மறுமொழி 1 (பொது மருத்துவர்):
முடியும். உடனே அவரை அவசர சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள். மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம்.

எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை 2 மணி நேரத்துக்குள் தொடங்குவதே சிறந்தது என்றாலும், 72 மணி நேரம் வரை தொடங்கலாம். யாருடைய இரத்தம் என்று தெரியாதபோது, அந்த வார்டில் இருந்த நோயாளிகளையும் காயத்தின் ஆழத்தையும் வைத்து மருத்துவர் முடிவெடுப்பார். ஐயம் இருந்தால் முதல் வேளை மருந்தைக் கொடுத்துவிட்டு ஆராய்வதே முறை. தேவையில்லை என்று தெரிந்தால் நிறுத்திக்கொள்ளலாம். தொடர்வதானால் டெனோஃபோவிர், லாமிவுடின், டோலுடெக்ராவிர் ஆகிய மூன்றையும் 28 நாள்கள் விடாமல் உட்கொள்ள வேண்டும்.

ஆனால் இவர் விஷயத்தில் எனக்குப் பெரிய கவலை ஹெபடைடிஸ் பி பற்றியதே. எச்.ஐ.வி. உள்ளவரின் இரத்தம் படிந்த ஊசி குத்தினால் தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 0.3 சதவீதம்தான்; தடுப்பூசி போடாதவருக்கு ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்போ 6 முதல் 30 சதவீதம் வரை. ஆகவே தடுப்பூசியின் முதல் தவணையையும் இம்யூனோகுளோபுலின் (கிருமியை உடனே எதிர்க்கும் ஆயத்த எதிர்ப்புப் பொருள்) ஊசியையும் 24 மணி நேரத்துக்குள் போட்டுவிட முயலுங்கள். ஹெபடைடிஸ் சி கிருமிக்கு இத்தகைய முன்தடுப்பு இல்லை. ஆனால் தொற்றினாலும் மாத்திரைகளால் குணப்படுத்த முடிகிறது.

மறுமொழி 2 (தொற்றுத் தடுப்புச் செவிலியர்):
மருத்துவர் சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். குத்திய இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு கழுவினால் போதும். பிதுக்குவதும் ஸ்பிரிட் ஊற்றுவதும் கூடாது.

ஒப்பந்தப் பணியாளர் என்று சொல்லி நிர்வாகம் கைகழுவ முடியாது. 2016ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு விதிகள், கழிவைக் கையாளும் அனைவருக்கும் ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசிகளைப் போடச் சொல்கின்றன. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி. சட்டம், பணியிடத்தில் தொற்றுக்கு ஆளாகக்கூடிய எல்லாருக்கும் தடுப்பு மருந்து தர வேண்டும் என்கிறது. எனவே சம்பவத்தை இன்றே நேரம் குறிப்பிட்டு எழுத்தில் பதிவு செய்யுங்கள். அவருக்கு ஏற்கெனவே தொற்று உண்டா என்று காட்டும் அடிப்படை இரத்தப் பரிசோதனையும் இன்றே நடக்க வேண்டும். துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில் விழ வேண்டிய ஊசி சிவப்புப் பைக்குள் வந்தது அந்த அக்காவின் தவறன்று, ஊசி போட்டவரின் தவறு.

கேள்வி கேட்டவர்:
இரண்டு ஊசிகளும் போட்டாயிற்று, எச்.ஐ.வி. மருந்தின் முதல் வேளையும் காலை 11 மணிக்குள் கொடுத்துவிட்டார்கள். சம்பவப் பதிவேட்டில் நானே சாட்சியாகக் கையெழுத்திட்டேன். எங்கள் வார்டில் வெள்ளைப் பெட்டி ஒரு மூலையில் மட்டுமே இருக்கிறது. ஊசி வண்டியிலேயே ஒன்றை வைக்க வேண்டும் என்று இன்று எழுதிக் கொடுத்திருக்கிறேன்.