மேக்ரோஃபேஜுக்குள் கொழுப்புத் துளி: ஒட்டுண்ணிக்குச் சோறா, செல்லுக்கு ஆயுதமா?

கேள்வி (பாளையங்கோட்டை மாணவி)
எலி மேக்ரோஃபேஜில் (கிருமியை விழுங்கும் வெள்ளணு) லீஷ்மேனியா டோனோவானி (காலா அசார் நோய் தரும் ஒட்டுண்ணி) ஏற்றி, 24 மணி நேரம் கழித்து, செல்லை நிலைநிறுத்த மெத்தனாலும் நிறமேற்ற ஜீம்சா சாயமும் போட்டேன். செல் முழுக்க வெள்ளை ஓட்டைகள். இவை கொழுப்புத் துளிகள்தானா? துளி கூடினால் செல்லின் எதிர்ப்பு கூடுகிறது என்று எழுதலாமா அண்ணாச்சி?

பதில் 1 (அபிஷேகப்பட்டி)
ஓட்டையை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது தங்கச்சி. கொழுப்பு மெத்தனாலோடு கரைந்து போயிருக்கும். ஒட்டுண்ணி குடியிருக்கும் குமிழும் அப்படித்தான் தெரியும். மெத்தனாலுக்குப் பதில், 4% பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் வைத்து நிலைநிறுத்துங்கள். ஐசோபுரோபனாலில் கரைத்த 0.5% ஆயில் ரெட் ஓ (கொழுப்பைச் சிவப்பாக்கும் சாயம்) 3 பங்கு, தண்ணீர் 2 பங்கு கலந்து, 10 நிமிடம் விட்டு வடிகட்டி உடனே ஊற்றுங்கள். நம்மூர் சித்திரை வெக்கையில் திறந்து வைத்தால் ஐசோபுரோபனால் ஆவியாகி, சாயம் பொடியாக இறங்கிவிடும். செல்லுக்கு வெளியிலும் சிவப்பு ஊசிகள் கிடந்தால் அந்த ஸ்லைடை எண்ணாதீர்கள். சரியாக வந்தால், சாளைக் குழம்பில் மிதக்கும் எண்ணெய்ப் பொட்டு மாதிரி உருண்டையான செம்மணிகள் தெரியும். ஸ்லைடை மூட டிபிஎக்ஸ் பசை வேண்டாம், அதிலுள்ள சைலீன் துளியைக் கரைத்துவிடும்; கிளிசரால் போதும். புரதத்தைக் காட்டும் ஆன்டிபாடியும் சேர்த்துப் போடுவதானால், செல் சவ்வைத் திறக்க ட்ரைட்டானை விட்டு 0.1% சாப்போனின் போடுங்கள்.

பதில் 2 (அம்பாசமுத்திரம்)
துளி கூடினால் எதிர்ப்பு கூடும் என்று எழுதலாமா என்ற இரண்டாவது கேள்விக்கு: எழுதக் கூடாது. துளி வெறும் சேமிப்புக் கிடங்கு இல்லை. அராக்கிடோனிக் அமிலம் என்ற கொழுப்பு அமிலம் அதற்குள் இருக்கிறது. அதைப் புரோஸ்டாகிளாண்டின் ஈ2 என்ற சமிக்ஞைப் பொருளாக்கும் காக்ஸ்-2 நொதியும் துளியிலேயே காணப்படுகிறது. டிரிப்பனோசோமா குரூசி (சாகஸ் நோய் ஒட்டுண்ணி) புகுந்த மேக்ரோஃபேஜில் இந்த ஈ2 செல்லின் தாக்கும் திறனை அடக்கி, ஒட்டுண்ணி பெருகவே வழிவிடுகிறது. டாக்சோபிளாஸ்மா என்ற இன்னொரு ஒட்டுண்ணியோ துளியிலிருந்து கொழுப்பையே உறிஞ்சிக்கொள்கிறது. மறுபக்கம், டென்ட்ரிடிக் செல்லில் (கிருமியின் அடையாளத்தை மற்ற செல்லுக்குக் காட்டும் செல்) ஐஆர்ஜிஎம்3 புரதம் துளியோடு சேர்ந்து, ஒட்டுண்ணியின் ஆன்டிஜனை (அடையாளப் புரதத்தை) சிடி8 டி செல்லுக்குக் (கிருமி புகுந்த செல்லைக் கொல்லும் வெள்ளணு) காட்ட உதவுகிறது. 2020-ல் துளிமேல் கிருமிக்கொல்லிப் புரதங்கள் காட்டப்பட்டது பாக்டீரியாவுக்கு எதிராக. அதை லீஷ்மேனியாவுக்கு நீட்டுவது தவறு. எந்த செல், எந்த ஒட்டுண்ணி, எத்தனையாவது மணி என்று சொல்லாமல் முடிவு சொல்லாதீர்கள். பொதிகைக்கு அந்தப் பக்கம் கேரளத்துக் காணிப் பழங்குடியினர் குடியிருப்புகளில் தோல் புண்ணுக்குக் காரணமாகக் கண்டதும் டோனோவானிதான். நமக்கு இது தூரத்து விஷயம் இல்லை.

கேள்வி கேட்டவர்
நன்றி அண்ணாச்சி. ஒப்பிட்டுப் பார்க்கக் கன்ட்ரோல் என்னென்ன வைக்க?

பதில் 3 (ராமையன்பட்டி)
ஒட்டுண்ணி ஏற்றாத செல், சூட்டில் கொன்ற ஒட்டுண்ணி, லேட்டக்ஸ் மணி (உயிரற்ற நுண்மணி). மணி விழுங்கினதற்கே துளி கூடினால், அது விழுங்கலின் விளைவு. சாயம் பிடிக்கிறதா என்று பார்க்க, ஆல்புமினோடு சேர்த்த ஒலிக் அமிலம் 200 மைக்ரோமோலார், ஒரு ராத்திரி. சீரம் எல்லாக் குழியிலும் ஒரே பாட்டிலிலிருந்து. சீரத்துக் கொழுப்பே துளியை ஏற்றும். துளியைக் குறைத்துப் பார்க்க, துளி உருவாவதைத் தடுக்கும் ட்ரையாக்சின் சி மருந்து போடலாம், ஆனால் ஒட்டுண்ணியை மட்டும் தனியாக வளர்த்து அதன்மேலும் அந்த மருந்தைச் சோதியுங்கள். இல்லையென்றால் எண்ணிக்கை குறைந்தது துளி இல்லாததாலா, மருந்து நேரே கொன்றதாலா என்று பிரிக்க முடியாது. எண்ணும்போது ஸ்லைடின் பெயரை மறைத்துவிடுங்கள். ஒரே ஸ்லைடில் ஒட்டுண்ணி புகுந்த செல்லையும் புகாத பக்கத்துச் செல்லையும் தனித்தனியாக எண்ணுங்கள்.