ஸ்கேகனில் இரண்டு இரவு: வயதான பெற்றோர், 6 வயதுப் பையனோடு எப்படித் திட்டமிடுவது?

நீலக்கரை:
வணக்கம். ஜூலை இரண்டாம் வாரம், வெள்ளி மாலை கோபன்ஹேகனில் கிளம்பி, டென்மார்க்கின் வடமுனையில் இருக்கும் ஸ்கேகனுக்குப் போய், ஞாயிறு இரவு திரும்ப வேண்டும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா, அப்பா, மனைவி, 6 வயது மகன், நான். கார் இல்லை. ரயில் சரிவருமா? இரண்டு நாளுக்குக் கோடை வீடு வாடகைக்குக் கிடைக்குமா? அம்மா சுத்த சைவம், அடுப்பு இருந்தால் நல்லது. இரண்டு கடலும் சேரும் கிரேனன் முனையில் பையனைக் குளிக்க விடலாமா?

தண்டவாளம்:
ரயில் சரிவரும், வெள்ளி மாலைதான் சரிவராது. ஆல்போர்க்கிலோ ஃப்ரெட்ரிக்ஸ்ஹவனிலோ மாறிப் போக ஆறிலிருந்து ஏழு மணி நேரம் ஆகும். கோடையில் தண்டவாள வேலை என்று அங்கங்கே பேருந்தில் ஏற்றிவிடுவதும் உண்டு. மாலையில் கிளம்பி நடுவில் ஒரு இணைப்பு தவறினால் இரவு ஃப்ரெட்ரிக்ஸ்ஹவனிலேயே தங்க வேண்டிவரும். அரைநாள் விடுப்பு போட்டு மதியத்துக்கு முன்பே ஏறிவிடுங்கள்.

டேனிஷ் ரயில் நிறுவனமான டிஎஸ்பியின் ஆரஞ்சு டிக்கெட் மலிவு. ஆனால் அந்த ஒரு வண்டிக்கு மட்டும்தான் செல்லும், பணம் திரும்பாது. பெரியவர் கூட வந்தால் 12 வயதுக்குக் கீழ் இரண்டு பிள்ளைகளுக்கு டிக்கெட் வேண்டாம். டிக்கெட் வேண்டாம் என்றால் இருக்கையும் இல்லை என்று பொருள், இதைப் பலர் கவனிப்பதில்லை. ஐந்து பேருக்கும் இருக்கைச் சீட்டு எடுத்துவிடுங்கள்.

கோடை வீடு ஜூலையில் பெரும்பாலும் சனிக்கு சனி ஒரு வாரக் கணக்கில்தான். இரண்டு இரவுக்கென்றால் யூத் ஹாஸ்டல் குடும்ப அறை, அல்லது கேம்பிங் தளத்துச் சிறு மரக்குடில் பாருங்கள். குடில்களில் பெரும்பாலும் அடுப்பும் குளிர்பெட்டியும் இருக்கும். விரிப்பு, துண்டு, கடைசிநாள் சுத்தம் செய்வது எல்லாம் விலைக்குள் அடங்குமா என்று முன்பதிவின்போதே கேளுங்கள், பல இடங்களில் தனிக் கட்டணம். தேதியை ஆண்டின் 29ஆவது வாரத்துக்கு, அதாவது ஜூலை நடுவுக்கு, மட்டும் தள்ளிவிடாதீர்கள். கோபன்ஹேகனின் வசதியான கூட்டம் அந்த வாரம் அங்கேதான் இறங்கும்.

யூட்லாந்துத்தமிழ்:
கிரேனனில குளிக்கத் தடை, பலகை போட்டிருக்கு. ரெண்டு பக்க நீரோட்டமும் அதிலதான் முட்டுது, மணலும் சட்டெண்டு ஆழத்துக்கு இறங்குது. நல்லா நீந்தத் தெரிஞ்ச ஆளையும் இழுத்துக்கொண்டு போயிடும். கணுக்கால் நனைய ரெண்டு கடலிலயும் கால் வைச்சுப் படம் எடுக்கலாம், அதுவும் பொடியன்ர கையைப் பிடிச்சபடி.

குளிக்கிறதுக்கு முதல் பாக்கவேண்டியது காத்து. ஊர் ஒரு ஒடுங்கின முனை. மேற்கில ஸ்காகராக் கடல், கிழக்கில காட்டகாட் கடல். மேல்காத்து அடிச்சால் மேற்குக் கரையில காமல் ஸ்கேகன் பக்கம் அலை எறியும், கிழக்குக் கரையில சோண்டர்ஸ்ட்ராண்ட் குளம் மாதிரிக் கிடக்கும். கீழ்காத்தெண்டால் மாறி. காலமை டிஎம்ஐ எண்ட டேனிஷ் வானிலை ஆப்பில காத்துத் திசையைப் பாத்துப்போட்டு எந்தக் கரை எண்டு முடிவெடுங்கோ.

ஆனா அந்த அமைதியிலதான் ஆபத்து இருக்கு. சோண்டர்ஸ்ட்ராண்டில மேல்காத்து நிலத்தில இருந்து கடலுக்குப் போற காத்து. காத்தடைச்ச மெத்தை, நீச்சல் வளையம், பந்து ஒண்டு கைதவறினால் வெளிய போய்க்கொண்டே இருக்கும். அதைப் பிடிக்கப் பின்னால நீந்துறவைதான் மாட்டுப்படுறது. அப்பிடியான நாளில இதுகளை அறையிலேயே விட்டுட்டு வாங்கோ. மேற்குக் கரையில மணல்திட்டுக்கு நடுவால தண்ணி வெளிய இழுத்தால், அதை எதிர்த்துக் கரைக்கு நீந்தக் கூடாது. கரைக்குச் சமாந்தரமா நீந்தி இழுவையை விட்டு விலகிப் பிறகு திரும்பவேணும்.

இன்னும் ரெண்டு. ஃபியேசிங் எண்டொரு மீன் ஆழம் குறைஞ்ச மணலுக்குள்ள புதைஞ்சு கிடக்கும், முள்ளில நஞ்சு. மிதிச்சால் முள்ளை எடுத்துப்போட்டு, தாங்கக்கூடிய சுடுதண்ணியில அரை மணித்தியாலமாவது காலை வைச்சிருங்கோ. அந்த நஞ்சு சூட்டில கெட்டுப்போகும். முதல் கையை விட்டுப் பாருங்கோ, நோவில கால் சூட்டை மதிக்காது. பொடியனுக்குக் கடல் சப்பாத்து வாங்கினால் நல்லது. சிவப்புச் சொறி மீன் பட்டால் கடல்தண்ணியால கழுவி, வங்கி அட்டை விளிம்பால வழிச்சு விடுங்கோ. நல்லதண்ணி ஊத்தினால் எரிவு கூடும்.

கரைக்கு இறங்கிற இடங்களில ஒரு எழுத்தும் மூண்டு இலக்கமும் போட்ட பச்சைப் பலகை நிக்கும். இறங்கேக்கயே ஃபோனில படம் எடுத்து வையுங்கோ. அவசரத்துக்கு 112 அடிச்சால் அந்த இலக்கத்தைச் சொல்லத்தான் ஆக்கள் நேர வருவினம்.

நீலக்கரை:
மிக்க நன்றி. அப்பாவுக்கு முழங்கால் வலி. கிரேனன் வரை நடக்க முடியுமா? கடல் தவிர வேறென்ன பார்க்கலாம்?

மணற்குன்று:
வண்டி நிறுத்துமிடத்திலிருந்து முனைக்கு மணலில் அரைமணி நடை. முழங்கால் வலியோடு வேண்டாம். அங்கிருந்து சாண்டோர்மன் என்று டிராக்டர் இழுக்கும் பேருந்து முனைவரை போகும். காற்றும் அலையும் மிஞ்சினால் ஓடாது. அதனால் சனி காலையே கிரேனனை முடியுங்கள், ஓடாவிட்டால் ஞாயிறு காலை கையில் இருக்கும். ரயில் நிலையத்திலிருந்து அந்த வண்டி நிறுத்துமிடம் மூன்று கிலோமீட்டருக்கு மேல், பெற்றோருக்கு டாக்சி சொல்லிவிடுங்கள்.

மதியம் ஸ்கேகன் அருங்காட்சியகம். க்ரோயர், மிகேல் ஆங்கர், அன்னா ஆங்கர் ஓவியங்களை அவை பிறந்த ஊரிலேயே பார்ப்பதை நான் எதற்காகவும் விடச் சொல்லமாட்டேன். சோண்டர்ஸ்ட்ராண்டில் இரண்டு பெண்கள் நடந்துபோகும் க்ரோயரின் 1893ஆம் ஆண்டு ஓவியம் அங்கேதான் இருக்கிறது. அன்று மாலையே அதே கரையில் நடக்கலாம். ஜூலையில் சூரியன் மறையப் பத்து மணி தாண்டும், அதன்பிறகும் வெகுநேரம் அந்த ஓவியத்தில் வரும் நீல வெளிச்சம் நிற்கும். எல்லோருக்கும் காற்றைத் தடுக்கும் மேலங்கி வேண்டும்.

ரோபியர் மீலெ நகரும் மணற்குன்று கார் இல்லாமல் சிரமம். அதற்குப் பதில் மணலில் புதைந்த தேவாலயத்துக்கு டாக்சியிலோ சைக்கிளிலோ போய்வரலாம். மணல் மூடிமூடி 1795இல் கைவிட்டார்கள், கோபுரம் மட்டும் வெளியே நிற்கிறது.

சாப்பாடு: மீன் ஊர் அது. இரவு ஒன்பதை ஒட்டிச் சமையலறைகள் மூட ஆரம்பிக்கும். சைவம் என்று மட்டும் சொன்னால் போதாது. மீன், முட்டை இரண்டும் வேண்டாம் என்று தனியாகச் சொல்லுங்கள். அரிசி, பருப்பு, தாளிக்கும் சாமான் கோபன்ஹேகனிலிருந்தே கொண்டுபோய்விடுவது நல்லது. தயிர், காய்கறி, உருளைக்கிழங்கு அங்கே சூப்பர் மார்க்கெட்டில் கிடைக்கும்.

முனையில் கடல்நாய் படுத்திருந்தால் பையனை அருகில் விடாதீர்கள். அசையாமல் கிடந்தாலும் கடிக்கும், கடித்த இடம் மோசமாகச் சீழ்பிடிக்கும்.