12 இலக்க அடையாள அட்டை எண் வெப் சேர்விஸ் டாஸ்க்கில் மாறிப் போகிறது, உதவுங்கோ

அண்ணாமார், அக்காமாருக்கு வணக்கம். யாழ்ப்பாணத்தில் ஒரு கூட்டுறவுச் சங்கத்தில் வேலை செய்கிறேன். கடன் விண்ணப்பங்களை ஸ்கேன் பண்ணி ஆவண வேலையோட்ட மென்பொருளில் ஏற்றுகிறோம். அதிலுள்ள வெப் சேர்விஸ் டாஸ்க், அடையாள அட்டை எண்ணை யூஆர்எல்லின் கடைசியில் சேர்த்து உறுப்பினர் விவரத்தைக் கேட்கும்.

9 இலக்கமும் கடைசியில் ‘வி’யும் உள்ள பழைய எண்கள் ஒழுங்காகப் போகின்றன. புது 12 இலக்க எண் கொடுத்தால் 404 (கேட்டது கிடைக்கவில்லை என்ற பிழை) வருகிறது. லொக்கை, அதாவது மென்பொருளின் செயற்பதிவை, திறந்து பார்த்தேன்: யாருடைய எண்ணாக இருந்தாலும் யூஆர்எல்லின் கடைசியில் 2147483647 என்றுதான் நிற்கிறது. 32 பிட் முழு எண்ணின் உச்சம் அது. ‘வி’ இருந்தால் எழுத்தாக எடுக்கிறது, இலக்கம் மட்டும் என்றால் எண்ணாக்கிவிடுகிறது போல. 021 இல் தொடங்கும் தொலைபேசி எண்ணும் முன் சைபர் இல்லாமல் 21 என்றே தொடங்குகிறது.

படிவத்தில் அந்தப் புலம் டெக்ஸ்ட்தான். மேற்கோள் குறி போட்டுப் பார்த்தேன், குறியும் சேர்ந்து யூஆர்எல்லுக்குள் போய்விட்டது. அந்த எண்ணை ஏந்திப் போகும் டைனமிக் வேரியபிள் உருவாகும் இடத்திலேயே அதன் வகையை ஸ்ட்ரிங் (எழுத்துத் தொடர்) என்று கட்டாயப்படுத்த வழி உண்டா? இல்லை, முன்னால் ஒரு ஸ்கிரிப்ட் டாஸ்க் (நாமே நிரல் எழுதும் படி) வைக்க வேண்டுமா?

இன்னொன்று: வெப் சேர்விஸ் தரும் பதிலில் உறுப்பினரின் கடன்கள் ஜேசன் (தரவை எழுத்தாக அனுப்பும் ஒரு வடிவம்) பட்டியலாக வரும். ஒருவருக்கு 1, இன்னொருவருக்கு 4. எனக்கு முதலாவது மட்டுமே வேரியபிளில் விழுகிறது, எல்லாவற்றையும் எடுப்பது எப்படி?

நேற்று மானிப்பாயிலிருந்து வந்த அம்மா ஒருவர் 2 மணித்தியாலம் காத்திருந்தார், கடைசியில் கையால் எழுதித்தான் கொடுத்தேன். இதைச் செய்து பழகியவர்கள் தயவுசெய்து சொல்லுங்கோ. லொக்கின் படம் வேண்டுமென்றால் பெயர், எண்களை மறைத்துப் போடுகிறேன்.