நள்ளிரவில் சிக்கிக்கொண்ட தோட்டா: ரிவால்வரா, பிஸ்டலா?

ஆனைமலைப் பக்கத்தில் உள்ள எங்கள் தென்னந்தோப்பில் 2022 ஆம் ஆண்டு கோடையில் ஓர் இரவு நடந்ததை, உரிமம் பெற்றுக் கைத்துப்பாக்கி வாங்க எண்ணுவோருக்குப் பயன்படும் என்று எழுதுகிறேன். தோப்பு வீட்டில் அன்று நானும் என் மனைவியும் மட்டுமே இருந்தோம். இரண்டு மணியளவில் நாய்கள் விடாமல் குரைத்துவிட்டுத் திடீரென்று அடங்கின. மோட்டார் அறைப் பக்கம் ஆள் நடமாடும் ஓசை கேட்டது.

என்னிடம் இருந்தது தந்தையார் வழியில் வந்த, .32 அங்குலக் குழல் அளவுள்ள பிஸ்டல். பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியான மேகசினில் தோட்டாக்களை நிரப்பி, சுடுவதற்குத் தோட்டா அமரும் அறையான சேம்பரைக் காலியாக வைத்திருப்பது என் வழக்கம். வீட்டுக்குப் பேரப்பிள்ளைகள் வந்துபோவதால் அதில் தவறில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அப்படி வைத்தால், சுடுவதற்கு முன் ஸ்லைடை, அதாவது துப்பாக்கியின் மேலே முன்னும் பின்னும் நகரும் பகுதியை, கடைசிவரை பின்னால் இழுத்து விட வேண்டும். அப்போதுதான் தோட்டா சரியாக மேலேறும். எனக்கு அப்போது 63 வயது, விரல் மூட்டுகளில் வீக்கம் உண்டு, கையும் வியர்த்திருந்தது. முக்கால் பங்கு இழுத்ததுமே பிடி நழுவி, தோட்டா சாய்வாகச் சிக்கிக்கொண்டது. இருட்டில் என்ன ஆயிற்று என்றுகூட எனக்கு விளங்கவில்லை. மனைவி வெளிவிளக்குகளைப் போட்டுக் குரல் கொடுத்ததும், வந்தவர்கள் போர்வெல் கேபிளைப் பாதி அறுத்த நிலையில் விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள்.

சுட முடியாமல் போனது நல்லதாயிற்று என்று பிறகு உணர்ந்தேன். தற்காப்புரிமையை அப்போது இந்திய தண்டனைச் சட்டத்தின் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் வரையறுத்தன; 2024 ஜூலை முதல், அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் வரையறுக்கின்றன. உயிரிழப்போ கொடுங்காயமோ நேரும் என்று அஞ்ச நியாயமான காரணம் இல்லாதபோது, கேபிள் திருடுகிறவனைச் சுட்டுக் கொல்ல அவை இடம் தருவதில்லை.

இருந்தாலும், வீட்டுக் கதவே உடைக்கப்பட்டிருந்தால் என்ன செய்திருப்பேன் என்ற கேள்வி என்னை விடவில்லை. 9 மி.மீ., .38 போன்றவை பொதுமக்களுக்குத் தடைசெய்யப்பட்ட குழல் அளவுகள் என்பதால், நம்மைப் போன்றவர்கள் பெரும்பாலும் .32 அளவுக்குள்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கிறது. 2014 இல் வந்த, அரை கிலோ எடையுள்ள நிர்பீக் என்னும் ரிவால்வரையும் பார்த்தேன். விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல் இருந்தது. கடைசியில், சற்றுக் கனமான ஒரு பழைய எஃகு ரிவால்வரையே எடுத்துக்கொண்டேன். ஸ்லைடு இல்லை, ஒரு தோட்டா வெடிக்காவிட்டால் விசையை மறுபடி இழுத்தால் போதும், தோட்டாக்கள் இருக்கும் உருளையான சிலிண்டர் சுழன்று அடுத்த தோட்டா வந்துவிடும். விசை கனம்தான், ஆனாலும் ஸ்லைடை இழுக்கச் சிரமப்படும் என் விரல்கள் அதற்கு ஒத்துழைக்கின்றன. உரிமம் என் பெயரில் மட்டுமே இருப்பதால், மனைவிக்கும் எளிதாக இருக்குமா என்ற கணக்கை நான் போடவில்லை. பலர் அப்படிப் போட்டே வாங்குகிறார்கள். ஆனால் உரிமம் இல்லாதவர் அதைக் கையாள்வது சட்டப்படி தவறு.

*

ஐயா, உங்கள் கட்டுரையைப் படித்தேன். ரிவால்வருக்கு மாறிய உங்கள் முடிவு உங்கள் கைகளுக்குப் பொருத்தமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ரிவால்வர் சிக்காது என்று இதைப் படிப்பவர்கள் எண்ணிவிடக் கூடாது. ராணுவத்தில் இருந்தபோது 13 தோட்டாக்கள் கொள்ளும் 9 மி.மீ. பிஸ்டலில் பழகியவன் நான். ஓய்வுக்குப் பின் நகை எடுத்துச் செல்லும் வண்டிகளுக்குக் காவலாக .32 பிஸ்டலுடன் பல ஆண்டுகள் போயிருக்கிறேன். சட்டைக்குள் தட்டையாக இருக்கும், மாற்று மேகசினை நொடியில் செருகலாம் என்பதால் எனக்கு அதுவே வசதி. தோட்டா சிக்கினால் மேகசினைத் தட்டி, ஸ்லைடை இழுத்து விட என் கை தானாகவே போகும். அது மாதந்தோறும் செய்யும் பயிற்சியால் வந்தது.

சுடுதளத்தில் ஒருமுறை நண்பரின் ரிவால்வர் நான்காவது தோட்டாவோடு அசையாமல் நின்றுவிட்டது. எரியாத வெடிமருந்துத் துகள்கள் வெற்றுக்குப்பிகளை வெளியே தள்ளும் நட்சத்திரத் தகட்டின் அடியில் சேர்ந்து, சிலிண்டரைச் சுழலவிடாமல் செய்திருந்தன. பிஸ்டலில் சிக்கல் வந்தால் பெரும்பாலும் கையாலேயே நீக்கிவிடலாம். அன்று அந்த ரிவால்வரை முழுவதும் துடைத்து எடுக்கக் கால் மணி நேரமாயிற்று. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பயிற்சியின்போது தோட்டா வெடிக்காவிட்டால், தாமதமாக வெடிக்கும் வாய்ப்பு உண்டு என்பதால், குழலை இலக்கின் பக்கமே வைத்து அரை நிமிடமாவது காத்திருங்கள்.

*

நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு நேற்று மாலை என் ரிவால்வரைத் திறந்து, தோட்டாக்களை எடுத்துவிட்டு, அந்தத் தகட்டைத் தூக்கிப் பார்த்தேன். அடியில் கரித்துகள் படிந்திருந்தது. வாங்கிய நாளிலிருந்து குழலை மட்டுமே துடைத்து வந்திருக்கிறேன்.