பதினெட்டு வயசுப் பையனை முதல் மேட்ச்சிலேயே ஸ்டார்ட் பண்ணலாமா?

ஆறாவது ஆள்

அமெரிக்கக் காலேஜ் பாஸ்கெட்பால் பார்க்கிறவர்களுக்கு நவம்பர் பிறந்தால் இந்தச் சண்டையும் பிறந்துவிடும். ஹை ஸ்கூலில் ஐந்து நட்சத்திரம் (ஆட்டத் திறமைக்குத் தரும் உச்ச மதிப்பீடு) வாங்கிய பையன் ஒருத்தன் வந்து சேர்கிறான். அவன் ஆடும் இடத்தில் ஏற்கெனவே மூன்று வருஷம் உழைத்த சீனியர் ஒருவர் இருக்கிறார். யாரை இறக்குவது?

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சீனியர் ஸ்டார்ட் ஆகட்டும் (ஆட்டத்தைத் தொடங்கும் ஐவரில் இருக்கட்டும்), பையன் பெஞ்சிலிருந்து வரட்டும். ஜனவரியில் கான்ஃபரன்ஸ் ஆட்டங்கள் (நம் பிரிவு டீம்களோடு ஆடுபவை) சூடு பிடிக்கும்போது மறுபடி யோசிக்கலாம்.

2005 நார்த் கரோலைனாவைப் பாருங்கள். முதல் வருஷப் பையன் மார்வின் வில்லியம்ஸ் அந்த சீசனில் ஒரு மேட்ச்கூட ஸ்டார்ட் ஆகவில்லை. ஜவாட் வில்லியம்ஸ், ஜாக்கி மேனுவல் என்ற இரண்டு சீனியர்களின் இடத்தில் கோச் ராய் வில்லியம்ஸ் கை வைக்கவே இல்லை. பெஞ்சிலிருந்து வந்தே பையனுக்குச் சராசரி 11.3 புள்ளி, 6.6 ரீபவுண்ட் (தவறிய ஷாட்டைப் பிடிப்பது). இல்லினாயோடு ஃபைனல் 70-70 என்று நின்றபோது, தவறிய ஷாட்டைத் தட்டி உள்ளே போட்டது அவன்தான். 75-70, கோப்பை. அந்த வருஷ என்.பி.ஏ. டிராஃப்ட்டில் (தொழில்முறை டீம்கள் வரிசையாக ஆள் எடுக்கும் தேர்வில்) இரண்டாவது ஆளாகப் போனான். பெஞ்சில் உட்கார்ந்ததில் அவனுக்கு என்ன குறைந்து போச்சு?

ஜம்ப்ஷாட் ஜமீன்

தலைவா, அந்த டீமை உதாரணமா எடுத்ததே போங்கு. அதே டிராஃப்ட்ல அவங்க டீம்லேர்ந்து மட்டும் நாலு பேர் முதல் 14 இடத்துக்குள்ள போனாங்க. மார்வின், ஃபெல்டன், ஷான் மே, மெக்கன்ட்ஸ். வீட்ல நாலு கார் நிக்கிறவர் அஞ்சாவதைப் பூட்டி வைக்கலாம். மத்த கோச்சுங்களுக்கு அந்தக் கொடுப்பினை ஏது?

2003 சிராக்யூஸைப் பாருங்க. கோச் பேஹைம் 1987லயும் 1996லயும் ஃபைனல் வரைக்கும் வந்து தோத்தவர். அவருக்குக் கோப்பை வாங்கிக் குடுத்தது கார்மெலோ ஆன்தனிங்கிற முதல் வருஷப் பையன். சீசன் சராசரி 22.2. செமிஃபைனல்ல டெக்சாஸ் மேல 33 புள்ளி. ஃபைனல்ல கான்சஸ் மேல 20 புள்ளி, 10 ரீபவுண்ட். பக்கத்துல ஜெரி மெக்நமாரா ஃபைனல்ல முதல் பாதியிலேயே ஆறு த்ரீ (தூரத்துலேர்ந்து போடுற மூணு புள்ளி ஷாட்) போட்டான், அவனும் ஃப்ரெஷ்மேன்தான். ரெண்டு பேரையும் ஜனவரி வரைக்கும் உட்கார வெச்சிருந்தா என்ன ஆயிருக்கும்?

ராலே வாசி

இரண்டு பேரும் நேற்று நடந்த கதை மாதிரி பேசுகிறீர்கள். 1972-73 சீசனுக்கு முன்னால் முதலாண்டு மாணவர்கள் மெயின் டீமில் ஆடவே கூடாது என்றுதான் என்.சி.ஏ.ஏ. (காலேஜ் விளையாட்டை நடத்தும் அமைப்பு) விதி. ஃப்ரெஷ்மேன்களுக்குத் தனி டீம், தனி ஆட்டங்கள். படிப்பு கெட்டுவிடும், பையன் பழக வேண்டும் என்று காரணம் சொல்வார்கள்.

அந்த விதியின் லட்சணம் 1965 நவம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. யு.சி.எல்.ஏ.வின் மெயின் டீம் அடுத்தடுத்து இரண்டு தடவை தேசிய சாம்பியன். அதே காலேஜின் ஃப்ரெஷ்மேன் டீம் அவர்களை 75-60 என்று அடித்தது. லூ அல்சிண்டருக்கு (பிற்பாடு கரீம் அப்துல்-ஜபார்) 31 புள்ளி. நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர், முதல் வருஷம் என்ற ஒரே காரணத்துக்காக அந்த சீசன் முழுக்க மெயின் டீமுக்கு வெளியே நின்றார். ஆகவே "காத்திருந்தால் நல்லது" என்ற பேச்சை நான் சுலபத்தில் நம்புவதில்லை.

இன்னொன்று. டீன் ஸ்மித் போல மூப்பு பார்த்த கோச் கிடையாது. 1981ல் ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட் பத்திரிகை சீசன் தொடங்கும் முன் அட்டைப்படம் எடுக்க வந்தபோது நான்கு ஸ்டார்ட்டர்களை மட்டுமே நிற்க வைத்தார். ஐந்தாவதாக இருந்த ஃப்ரெஷ்மேனைப் படத்தில் சேர்க்கவில்லை. ஆனால் அவனை ஸ்டார்ட் பண்ணினார். பையன் பெயர் மைக்கேல் ஜோர்டன். 1982 ஃபைனலில் ஜார்ஜ்டவுனை 63-62 என்று வென்ற கடைசி ஷாட் அவனுடையது.

ஆறாவது ஆள்

ஐயா, ஜோர்டனையும் கார்மெலோவையும் வைத்து விதி எழுதினால், ஊரில் வந்து சேரும் ஒவ்வொரு ஐந்து நட்சத்திரமும் ஜோர்டன் ஆகிவிடும்.

என் கவலை ஷூட்டிங் பற்றியது அல்ல, டிஃபென்ஸ் பற்றியது. எதிரணி கார்டு (பந்தை ஏந்தி ஆட்டத்தை நடத்துபவர்) பந்தோடு வருகிறார், அவருடைய பெரிய ஆள் வந்து ஸ்கிரீன் வைக்கிறார், அதாவது நம் கார்டின் வழியை மறித்து நிற்கிறார். அந்த நொடியில் நம் பெரிய ஆள் பின்னாலிருந்து "ஸ்கிரீன் ரைட்!" என்று கத்த வேண்டும். கார்டு ஸ்கிரீனுக்கு மேலே ஏறுவதா, கீழே நுழைவதா, ஆளை மாற்றிக்கொள்வதா என்பது அன்றைய திட்டத்தைப் பொறுத்தது. ஹை ஸ்கூலில் ஆறடி பத்து அங்குலப் பையன் இதையெல்லாம் பேசியதே கிடையாது. எதிராளி தாண்டிவிட்டால் பின்னால் போய் பிளாக் பண்ணிவிடுவான், அவ்வளவுதான். காலேஜில் அரை நொடி தாமதமாகக் கத்தினால் எதிரிக்குக் கார்னரில் ஆளில்லாத த்ரீ. முதலாண்டுப் பையன்களைக் கவனித்துப் பாருங்கள், நவம்பரில் வாயே திறக்க மாட்டார்கள்.

அப்புறம் ஃபவுல். காலேஜில் ஐந்து ஃபவுல்தான், ஆட்டமும் 40 நிமிஷம்தான். முதல் பாதியில் இரண்டு வாங்கினால் பெரும்பாலான கோச்சுகள் பாதி முடியும் வரை உட்கார வைத்துவிடுவார்கள். பதறுகிற பையன் அந்த இரண்டையும் முதல் ஐந்து நிமிஷத்தில் வாங்கிவிடுவான்.

பெஞ்சில் வைத்தால் நஷ்டம் எவ்வளவு? ஒவ்வொரு பாதியிலும் கடிகாரம் 16 நிமிஷத்துக்குக் கீழே போனதும் டி.வி. டைம்-அவுட் வரும். ஆறாவது ஆள் அப்போது உள்ளே வந்துவிடுவான். ஆக, நாலு நிமிஷம். அதற்குள் எதிரி என்ன டிஃபென்ஸ் போடுகிறான் என்று பக்கத்தில் இருக்கும் உதவி கோச்சோடு உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

ஜம்ப்ஷாட் ஜமீன்

ஃப்ரெஷ்மேனுக்கு டிஃபென்ஸ் வராதா? 2012 ஃபைனல், கென்டக்கி - கான்சஸ். ஆன்தனி டேவிஸ் பத்து ஷாட் எடுத்து ஒண்ணுதான் உள்ள போச்சு, மொத்தமே 6 புள்ளி. ஆனா 16 ரீபவுண்ட், 6 பிளாக். ஃபைனல் ஃபோரின் (கடைசி நாலு டீம் ஆடுற கட்டம்) சிறந்த ஆட்டக்காரர் விருது அவனுக்குத்தான். அந்த டீம்ல மூணு ஃப்ரெஷ்மேன் ஸ்டார்ட்டர். சீனியர் டேரியஸ் மில்லர்தான் பெரும்பாலும் பெஞ்ச்லேர்ந்து வந்தார். நீங்க சொல்ற ஏற்பாட்டைத் தலைகீழாப் போட்டே 67-59னு கோப்பை தூக்கினாங்க.

நீங்க மறந்துட்ட இன்னொரு விஷயம், இது 2005 இல்ல. 2021லேர்ந்து வேற காலேஜுக்கு மாறினா ஒரு வருஷம் சும்மா உட்காரணுங்கிற கட்டாயம் போயிடுச்சு. ஆட்டக்காரங்க விளம்பரத்துல காசு வாங்கலாங்கிற அனுமதியும் அதே வருஷம் வந்துடுச்சு. 2025 ஜூலைலேர்ந்து காலேஜே நேரடியாப் பணம் குடுக்கலாம். பணம் குடுத்துக் கூட்டிட்டு வந்த பையனை உட்கார வெச்சீங்கன்னா ஏப்ரல்ல டாட்டா காட்டிட்டு உங்க பரம எதிரி டீம்ல போய் சேருவான்.

லான்சிங் பனி

மிச்சிகன் ஸ்டேட் ரசிகன் என்ற முறையில் ஒரு வயித்தெரிச்சல். நீங்க எல்லாரும் "ஸ்டார்ட், ஸ்டார்ட்"னு தொங்குறீங்க. 2017-18ல எங்க ஜேரன் ஜாக்சன் ஜூனியர் ஃப்ரெஷ்மேன், ஏறக்குறைய எல்லா மேட்ச்சும் ஸ்டார்ட்டர். பேரு அறிவிப்பாங்க, விளக்கை அணைப்பாங்க, கைதட்டுவாங்க. ஆனா ஆடினது சராசரியா 22 நிமிஷத்துக்குக் கொஞ்சம் கம்மி.

மார்ச்ல டோர்னமென்ட், இரண்டாவது சுற்று, சிராக்யூஸ். அவங்க 2-3 ஸோன் (முன்னால ரெண்டு பேர், பின்னால மூணு பேர் இடம் பிரிச்சுக் காக்குறது) போட்டு உள்ளே நுழைய விடல. எங்காளுங்க வெளிய நின்னு 37 த்ரீ போட்டு 8தான் விழுந்துச்சு. உயரமும் ஷூட்டிங்கும் சேர்ந்த ஒரே பெரிய ஆள் ஜாக்சன். அவன் அன்னிக்கு ஆடினது 15 நிமிஷம். 55-53ல தோத்தோம். மூணு மாசத்துல டிராஃப்ட்ல நாலாவது ஆளாப் போனான். கோச் டாம் இஸ்ஸோவை நான் கோயில் கட்டிக் கும்பிடுவேன், ஆனா அந்த ராத்திரியை இன்னும் மன்னிக்கல.

அதனால யார் ஆரம்பிக்கிறாங்கன்னு எனக்குக் கவலையே இல்ல. கடைசி நாலு நிமிஷம் உள்ளே யாரு? அதைச் சொல்லுங்க.

ஆறாவது ஆள்

கடைசி நாலு நிமிஷம் அன்றைக்கு நன்றாக ஆடுகிறவன், முதலாண்டோ நாலாம் ஆண்டோ. அதில் எனக்கு ஆட்சேபமே இல்லை. 2018 ஃபைனலில் வில்லனோவாவின் டிவின்சென்ஸோ பெஞ்சிலிருந்து எழுந்து வந்து 31 புள்ளி போட்டார். கோச் ஜே ரைட் அவரைத் திரும்ப உட்காரவா சொன்னார்?

ஜமீனுக்கு. பையன் போய்விடுவான் என்று பயந்து டீம் அமைத்தால் அது கோச் வேலை இல்லை, கல்யாணத் தரகர் வேலை. நீங்கள் சொன்ன அதே மாற்றம்தான் இப்போது எதிரணியைக் கிழடாக்கிவிட்டது. கொரோனா வருஷத்தில் ஆடியவர்களுக்கு ஒரு வருஷம் கூடுதலாகவே கிடைத்தது. 22, 23 வயது ஆட்கள் காலேஜ் மாறி மாறி ஆடுகிறார்கள். 2025ல் ஜெயித்த ஃபுளோரிடாவின் மூன்று கார்டுகளும் சீனியர்கள், மூவருமே வேறு காலேஜிலிருந்து வந்தவர்கள். 2015 டியூக்குக்குப் பிறகு, 2025 வரை, ஃப்ரெஷ்மேன்களை முதுகெலும்பாக வைத்து ஒரு டீமும் ஜெயிக்கவில்லை. 2024 யூகானில் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) ஸ்டெஃபான் காசில் ஸ்டார்ட் ஆனான், சரி. அவன் வேலை எதிரணியின் சிறந்த கார்டைப் பிடிப்பது. டீம் அவன் தோளில் இல்லை.

ஜம்ப்ஷாட் ஜமீன்

2025ன்னு நீங்களே வாயைக் குடுத்தீங்க. செமிஃபைனல், டியூக் - ஹூஸ்டன். டியூக்கோட ஃப்ரெஷ்மேன் கூப்பர் ஃபிளாக் 27 புள்ளி. எட்டு நிமிஷம் பாக்கி இருக்கும்போது 14 முன்னிலை, அரை நிமிஷம் சொச்சத்துல ஆறு. அதுலேர்ந்து எப்படித் தோத்தாங்கன்னு வரிசையாப் பாருங்க. ஹூஸ்டன் ஒரு த்ரீ. அடுத்து டியூக் வெளியேர்ந்து உள்ள போட்ட பந்தைத் திருடிட்டாங்க. அந்தப் பந்தை உள்ள போட்டவர் சயான் ஜேம்ஸ், டுலேன்ல நாலு வருஷம் முடிச்சிட்டு வந்த பெரியவர். கடைசியில ஹூஸ்டன் டங்க் (வளையத்துல பந்தைக் கையால திணிக்கிறது). ஒரு புள்ளிதான் வித்தியாசம். 20 விநாடி இருக்கும்போது ஃப்ரீ த்ரோ லைன்ல நின்னு தவறவிட்டது டைரீஸ் ப்ராக்டர், மூணாம் வருஷம். அனுபவசாலிங்க எல்லாம் கை நடுங்கினப்போ "ஃப்ரெஷ்மேன் டீம் தோத்துச்சு"ன்னு எழுதுறீங்க!

ஆறாவது ஆள்

வரிசையைப் பாதியில் நிறுத்திவிட்டீர்கள். ப்ராக்டர் தவறவிட்ட பந்துக்குத் தாவும்போது ஹூஸ்டனின் ராபர்ட்ஸ் முதுகில் ஏறி ஃபவுல் வாங்கியது யார்? ஃபிளாக். ராபர்ட்ஸ் இரண்டையும் போட்டு 68-67. அடுத்த ஷாட் குட்டையாக விழுந்தது யாருடையது? அதுவும் ஃபிளாக். ஆட்டம் 70-67. ராபர்ட்ஸுக்கு அது காலேஜில் ஆறாவது ஆண்டு. பந்து எங்கே வரும் என்று தெரிந்து உடம்பைக் குறுக்கே போட்டு நின்றார். நான் சொல்லும் அனுபவம் அதுதான்.

ராலே வாசி

அந்த ஃபவுல் கொடுத்திருக்கவே கூடாது என்று சொல்ல வந்தேன். டியூக் தோற்றதால் விட்டுவிடுகிறேன்.

ஹார்ட்ஃபோர்ட் அக்கா

ஆம்பளைங்க ஆட்டத்தை மட்டும் வெச்சு நாப்பது போஸ்ட் ஓட்டுவீங்க போல. பெண்கள் பக்கம் கொஞ்சம் எட்டிப் பாருங்க தம்பிகளா. பசங்க மாதிரி அங்க ஒரு வருஷத்துல கிளம்ப முடியாது. டபிள்யூ.என்.பி.ஏ. (பெண்கள் தொழில்முறை லீக்) போகணும்னா 22 வயசு ஆகணும், இல்லேன்னா காலேஜை முடிக்கணும். "எப்படியும் ஓடிப் போயிடுவான், இருக்கிறப்பவே பிழிஞ்சுக்குவோம்"ங்கிற பேச்சுக்கு அங்க இடமே இல்ல. பொறுமையா வளர்க்க நாலு வருஷம் இருக்கு. அப்படியும் கோச்சுங்க என்ன பண்றாங்க? முதல் வருஷமே இறக்கறாங்க. பேஜ் பெக்கர்ஸ் 2021ல ஃப்ரெஷ்மேனா இருக்கும்போதே நாட்டின் சிறந்த ஆட்டக்காரிக்கான ஏ.பி. விருது வாங்கினா, அதுவரைக்கும் எந்த ஃப்ரெஷ்மேனுக்கும் கிடைக்காதது. அதே சீசன்ல அயோவாவில கெய்ட்லின் கிளார்க் 26.6 சராசரியோட நாட்டிலேயே முதலிடம். 2025 ஃபைனல்ல யூகான் 82-59னு சவுத் கரோலைனாவை அடிச்சப்போ, முதல் வருஷ சாரா ஸ்ட்ராங் 24 புள்ளி, 15 ரீபவுண்ட்.

ஆறாவது ஆள்

அக்கா, நீங்கள் சொன்ன கணக்கு எனக்குத்தான் சாதகம். அங்கே நவம்பரில் பொண்ணு செய்யும் தப்புக்கு அடுத்த மூன்று வருஷம் வட்டியோடு வசூல் ஆகிறது. பையன்கள் விஷயத்தில் தப்பைச் சகித்துக்கொள்வது காலேஜ், கற்றுக்கொண்டதை அனுபவிப்பது என்.பி.ஏ. டீம்.

ஹார்ட்ஃபோர்ட் அக்கா

அந்தச் சீனியர் மட்டும் என்ன நிரந்தரமா? மார்ச் முடிஞ்சா அவரும் மூட்டை கட்டப் போறவர்தானே.

ராலே வாசி

நான் டியூக்கைப் புகழ்வது அபூர்வம், குறித்துக்கொள்ளுங்கள். 2015ல் அங்கே சீனியர் பாயிண்ட் கார்டு க்வின் குக் இருந்தார், டைஸ் ஜோன்ஸ் என்ற ஃப்ரெஷ்மேன் பாயிண்ட் கார்டு வந்தான். கோச் ஷஷெவ்ஸ்கி இரண்டு பேரையும் ஸ்டார்ட் பண்ணினார். குக் பந்தைப் பையன் கையில் கொடுத்துவிட்டு விங்கில், அதாவது பக்கவாட்டில், நின்று ஷூட் பண்ணினார். ஃபைனலில் விஸ்கான்சினை 68-63 என்று அடித்தபோது ஜோன்ஸுக்கு 23. அதே ஃபைனலில் பெஞ்சிலிருந்து வந்து 16 போட்ட கிரேசன் ஆலனும் ஃப்ரெஷ்மேன்தான், சீசன் முழுக்க அவன் சராசரி ஐந்துகூட இல்லை. ஒரே டீமில் உங்கள் இரண்டு கட்சியும் ஜெயித்திருக்கிறது.

ஆறாவது ஆள்

குக் நல்ல த்ரீ ஷூட்டர், அதனால் விங்குக்கு நகர முடிந்தது. ஷூட் பண்ண வராத சீனியராக இருந்தால் எங்கே நகர்த்துவீர்கள்?

ஜம்ப்ஷாட் ஜமீன்

ஷூட் பண்ண வராத சீனியரை எதுக்கு சார் ஸ்டார்ட் பண்றீங்க?

ஆறாவது ஆள்

டிஃபென்ஸ் என்று ஒன்று இருக்கிறது, ஜமீன்.